ஒலிநாடாவிலிருந்து எடுத்த கோப்புகளைச் சுருக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது

உங்கள் தந்தையார் 1980-களில் கோயில் திருவிழாக்களில் பதிந்து வைத்த 62 ஒலிநாடாக்களை நீங்களே கணினியில் ஏற்றி முடித்திருக்கிறீர்கள். பெரும்பாலானவை நாகஸ்வரக் கச்சேரிகள், சில உபன்யாசங்கள். எல்லாம் சுருக்கப்படாத வேவ் கோப்புகளாக 59 ஜிகாபைட் ஆகிவிட்டன, மடிக்கணினியில் இடமில்லை, டொராண்டோவில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். தரம் குறையாமல் சுருக்கித் தரும் மென்பொருள் எது, எம்பி3 ஆக்கினால் நொடிக்கு 128 கிலோபிட் போதுமா அல்லது 320 வேண்டுமா, முன்பு ஒரு கடையில் கொடுத்து 128-இல் மாற்றி வாங்கிய வேறு 11 நாடாக்களின் கோப்புகளை ஃபிளாக் வடிவுக்கு மாற்றினால் தரம் கூடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: இடம் பிடிக்கும் இந்தக் கோப்புகளில் எதை அழித்தால் பின்னால் வருந்த நேராது என்பதே அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, இப்போது பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தருவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். உங்கள் நாடாக்களை நான் கேட்டதில்லை என்பதால், அவற்றின் இன்றைய நிலையைப் பொறுத்து மாறக்கூடியவற்றை ஆங்காங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்த அமைப்பில் பதிந்தீர்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது. குறுந்தகட்டுத் தரம் என்று சொல்லப்படும் அளவில், ஒரு நொடிக்கு ஒலி அலையின் 44,100 அளவீடுகள், அதாவது மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடங்கள் என்று பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட் வரும். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட், 90 நிமிட நாடா ஒன்றுக்கு 950 மெகாபைட், 62 நாடாக்களுக்கு 59 ஜிகாபைட். நீங்கள் சொன்ன அளவுடன் இது பொருந்துவதால், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ அமைப்பில்தான் பதிந்திருக்கிறீர்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ, பழைய நாடாக்களை எண்மமாக்கக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டும் என்றும், 96 கிலோஹெர்ட்ஸ் சிறந்தது என்றும் பரிந்துரைக்கிறது. அதைப் படித்துவிட்டு 62 நாடாக்களையும் மறுபடி ஓட்ட வேண்டுமோ என்று கலங்க வேண்டாம். 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வரை இடைவெளி கிடைக்கும். சாதாரண கேசட்டில் நாடாவின் இரைச்சலே அந்த இடைவெளியை 50, 60 டெசிபல் அளவில் நிறுத்திவிடுகிறது. ஆகவே பதிந்தபோது மீட்டர் சிவப்பைத் தொட்டு ஒலி வெட்டுப்படாமலும், அதற்கு நேர்மாறாக மிகத் தாழ்வாகவும் இல்லாமல் இருந்திருந்தால், நாடாவில் இருந்தது ஏறக்குறைய முழுவதும் உங்கள் கோப்பில் இருக்கிறது. இப்போது 16 பிட் கோப்பை 24 பிட்டாக மாற்றுவதால் எதுவும் கூடாது. கோப்பின் அளவு பெருப்பதுதான் மிச்சம்.

இனிச் சுருக்குதல் என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தத் துறையில் அந்த ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களைக் குறிப்பதால் நேர்ந்த இழப்பை நானே நேரில் பார்த்திருக்கிறேன். ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியின் எஃபெக்ட் பட்டியலில் கம்ப்ரெஸர் என்று ஒன்று இருக்கும். அது கோப்பின் அளவைக் குறைப்பதற்கானதே இல்லை. உரத்த இடங்களை அடக்கி, மெல்லிய இடங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள வேற்றுமையைக் குறைக்கும் கருவி அது. என்னிடம் வந்த ஒருவர், இடம் மிச்சமாகும் என்று நம்பித் தம் கோப்புகள் அத்தனையிலும் அதைச் செலுத்தி, மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டிருந்தார். கோப்பு ஒரு பைட் கூடக் குறையவில்லை. ஆலாபனையின் மெல்லிய தொடக்கமும் தவிலின் உச்சமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. அதை நீக்கி முன்பிருந்தபடி ஆக்க வழியே இருக்கவில்லை. நீங்கள் தேடுவது எஃபெக்ட் பட்டியலில் இல்லை, ஏற்றுமதி செய்யும் இடத்தில் தேர்ந்தெடுக்கும் கோப்பு வடிவத்தில் இருக்கிறது.

கோப்பின் அளவைக் குறைப்பதிலும் இரு வழிகள் உண்டு. ஒன்று இழப்பில்லாதது, மற்றது இழப்புள்ளது. இழப்பில்லாத வழியில் இன்று உங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஃபிளாக். 2001-இல் முதல் பதிப்பு வெளிவந்த, உரிமக் கட்டணம் ஏதுமில்லாத திறந்த வடிவம் அது. 2024 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழு அதை முறையான ஆவணமாகவும் வெளியிட்டுவிட்டது. அது வேலை செய்யும் விதம் எளிது. ஒலி அலையில் முந்தைய சில மாதிரிகளைப் பார்த்தால் அடுத்தது எங்கே விழும் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அந்த ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் எழுதிவைத்தால், திறக்கும்போது அதே ஊகத்தைச் செய்து வேறுபாட்டைக் கூட்டினால் மூல அலை ஒரு பிட் பிசகாமல் திரும்பிவிடும். வேவ் கோப்பை ஜிப் செய்தால் அவ்வளவாகக் குறையாததற்கும் ஃபிளாக் நன்றாகக் குறைப்பதற்கும் காரணம், ஒலி அலை என்பது ஓடும் கோடு என்பதை ஃபிளாக் அறிந்திருப்பதும் ஜிப் அறியாததும்தான். 0 முதல் 8 வரை அது கேட்கும் நிலை எண்ணைப் பலர் தரத்தின் அளவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். எந்த எண்ணை வைத்தாலும் ஒலி ஒன்றே. எண் கூடக்கூடக் கணினி அதிக நேரம் எடுத்துக்கொண்டு சற்றுச் சிறிய கோப்பைத் தரும், அவ்வளவே. இயல்பாக இருக்கும் 5 போதும்.

எவ்வளவு குறையும் என்பதில்தான் உறுதி சொல்ல முடியாது. இரைச்சலை ஊகிக்க இயலாது. ஆகவே நாடாவின் சீறல் அதிகமுள்ள பதிவுகள் குறைவாகவே சுருங்கும். என் கையில் வந்த கேசட் பதிவுகள் பெரும்பாலும் மூல அளவில் 55 முதல் 65 விழுக்காட்டுக்குள் நின்றிருக்கின்றன. அந்தக் கணக்கில் உங்கள் 59 ஜிகாபைட் 35-ஐ ஒட்டி வரக்கூடும். அளவைக் குறைப்பதற்காக இரைச்சல் நீக்கும் கருவியை முதலில் செலுத்திவிட்டுப் பிறகு ஃபிளாக் ஆக்கலாமா என்று தோன்றும். தயவுசெய்து தாய்க்கோப்பில், அதாவது நாடாவிலிருந்து நேரே எடுத்த மூலக் கோப்பில், அதைச் செய்யாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து நாகஸ்வரத்தின் சீவாளியில் காற்று உரசும் ஒலியும் கரைந்துபோகும். பத்தாண்டு கழித்து இதைவிட நல்ல இரைச்சல் நீக்கிகள் கைக்கு வரலாம். அவற்றுக்குக் கொடுக்க அப்போது தொடப்படாத மூலம் உங்களிடம் இருக்க வேண்டும்.

இழப்புள்ள வழிதான் எம்பி3, ஏஏசி, ஓபஸ் போன்றவை. எம்பி3 முறையின் வளர்ச்சியில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1993-இல் பன்னாட்டுத் தரமாக வெளியானது. உரத்த ஒலி ஒன்று ஒலிக்கும்போது அதற்கு அருகிலுள்ள சுருதியில் ஒலிக்கும் மெல்லிய ஒலியை நம் காது உணர்வதில்லை என்ற உண்மையே இதன் அடித்தளம். எதை நாம் கேட்கமாட்டோம் என்று கணித்து, அந்தப் பகுதிகளைக் கரடுமுரடாக எழுதியோ முற்றிலும் விட்டோ கோப்பைக் குறுக்குகிறது. விட்டது விட்டதுதான், திரும்பாது. நொடிக்கு எத்தனை கிலோபிட் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணிப்பு பிடிபடாமல் இருக்கும் அல்லது பிடிபட்டுவிடும். உங்கள் பதிவுகளில் அது முதலில் பிடிபடக்கூடிய இடம் தவில்தான். எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் சட்டகம் எனப்படும் அத்தகைய துண்டு ஒன்று ஏறத்தாழ 26 மில்லிநொடி. அமைதியாக இருந்த துண்டின் நடுவே திடீரென்று கூடு அணிந்த விரல்கள் தோலில் விழுந்தால், அந்த அடியைக் கரடுமுரடாக எழுதியதால் எழும் பிழை துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மெல்லிய சலசலப்பாகக் கேட்கும். இதைத் தவிர்க்கவே குறுந்துண்டுகளுக்கு மாறும் ஏற்பாடு எம்பி3-க்குள் இருக்கிறது. இருந்தும் 128-இல் தனி ஆவர்த்தனத்தைக் காதொலிப்பானில் கேட்டால் அடிகளின் முனை மழுங்கியிருப்பதை என்னால் உணர முடிகிறது. ஜால்ராவின் ஒலியில் நீர் கலந்தாற்போன்ற ஒரு நெளிவும் கேட்கும்.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் விடை: அண்ணனுக்கு அனுப்பும் கேட்பதற்கான பிரதிகளுக்கு 128 வேண்டாம், 320-உம் தேவையில்லை. லேம் என்னும் எம்பி3 குறியாக்கியில் பிட் அளவு மாறிக்கொண்டே செல்லும் விபிஆர் முறை உண்டு. அமைதியான இடத்தில் குறைவாகவும் சிக்கலான இடத்தில் அதிகமாகவும் செலவழிக்கும் முறை அது. அதில் வி2 என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் சராசரி 190 கிலோபிட் அளவில் வரும். 62 நாடாக்களும் எட்டு ஜிகாபைட் அளவில் அடங்கும். இதே 320 ஆனால் 13 ஜிகாபைட்டைத் தாண்டும். வி2-க்கும் மூலத்துக்கும் வேற்றுமை கேட்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும், வயதுக்கு வயதும் மாறும். எந்தக் கோப்பு எதுவென்று தெரிந்துகொண்டு ஒப்பிட்டால் மனம் நம்மை ஏமாற்றிவிடும் என்பது மட்டும் உறுதி. ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில், எது மூலம் எது சுருக்கியது என்று மறைத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஒலித்துக் காட்டும் ஏபிஎக்ஸ் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். தவில் அதிகம் வரும் ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து அதில் சோதித்துப் பாருங்கள். பதினாறு முறையில் எட்டு ஒன்பது முறை மட்டுமே சரியாகச் சொன்னால், நாணயம் சுண்டிப் போட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. அந்த அளவு உங்கள் காதுக்குப் போதும். அண்ணனின் காதுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

உபன்யாசங்களுக்கு வழி வேறு. பேச்சுக்கு 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் அபாரமானது. ஒற்றைத் தடத்தில் 32 கிலோபிட்டிலேயே பேச்சு தெளிவாக இருக்கும், 90 நிமிடம் 22 மெகாபைட்டுக்குள் முடியும். ஆனால் பழைய காரின் ஒலிப்பெட்டிகளும் சிறு கையடக்கக் கருவிகளும் ஓபஸைத் திறக்காமல் போகலாம். அண்ணன் கைப்பேசியில் கேட்பவரானால் ஓபஸ், எதில் கேட்பார் என்று தெரியாவிட்டால் எம்பி3. இங்கே ஒரு தொழில் நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒற்றை ஒலிவாங்கியில் பதிந்த நாடாவை ஸ்டீரியோவாக ஏற்றியிருந்தால், ஒற்றைத் தடமாக்கும்போது மென்பொருள் இடதையும் வலதையும் கூட்டிப் பாதியாக்கும். உங்கள் டெக்கின், அதாவது நாடாவை ஓட்டும் கருவியின், ஒலியைப் படிக்கும் தலைப்பகுதி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லாவிட்டால் இரு தடங்களும் நூலிழை நேர வேற்றுமையோடு இருக்கும். கூட்டும்போது மேல்சுருதி ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்து, பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஆகவே கூட்டாமல், இரு தடங்களையும் தனித்தனியே கேட்டு, தெளிவான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரிக்கும் வசதி தடத்தின் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலிலேயே உண்டு. இதையும் பிரதியில் மட்டுமே செய்யுங்கள்.

மென்பொருளைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டதை நான் இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், அதில் வேற்றுமை மிகக் குறைவு என்பதுதான். பெரும்பாலான மாற்றிகள் உள்ளே அதே ஃபிளாக் நிரல் தொகுப்பையும் அதே லேமையும்தான் கூப்பிடுகின்றன. வெளியே பொத்தான்கள் வேறு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஃப்ரீயாக் என்ற இலவச மென்பொருள் உங்கள் வேலைக்குப் பொருத்தமானது. 62 கோப்புகளையும் ஒரே பட்டியலில் இழுத்துப் போட்டு, குறியாக்கியாக ஃபிளாக்கைத் தேர்ந்து, வெளியீட்டுக்கு வேறொரு வட்டிலுள்ள அடைவைக் காட்டி, ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் அதே பட்டியலுக்கு லேமைத் தேர்ந்து எம்பி3 பிரதிகளை எடுக்கலாம். விண்டோஸில் ஃபூபார்2000-உம் இதைச் செய்யும். கட்டளை வரியில் பழகியவர்களுக்கு 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் எல்லாவற்றையும் செய்து தரும், ஆனால் கட்டளையில் ஒரு சிறு பிழை இருந்தாலும் கேட்காமல் தன் போக்கில் மாற்றிவிடும் என்பதால் முதல்முறைக்கு நான் சொல்லமாட்டேன். வெட்டுதல், இரு பக்கங்களைப் பிரித்தல் போன்றவற்றுக்கு ஆடாசிட்டி. எம்பி3 செய்ய லேமைத் தனியே இறக்கி நிறுவ வேண்டும் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எம்பி3-இன் காப்புரிமைகள் இருந்த காலத்து வழக்கம் அது. 2017 ஏப்ரலில் ஃப்ரான்ஹோஃபர் உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது, இப்போது லேம் ஆடாசிட்டியோடு சேர்ந்தே வருகிறது. இணையதளத்தில் கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் சேவைகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். 59 ஜிகாபைட்டை ஏற்றி இறக்குவது ஒருபுறம் இருக்க, எந்தக் குறியாக்கியை எந்த அமைப்பில் ஓட்டுகிறார்கள் என்பது பல இடங்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடையில் மாற்றிய 11 கோப்புகளுக்கு வருவோம். 128 எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்கினால் தரம் ஒரு துளியும் கூடாது. மழுங்கிய முனையை மழுங்கியபடியே பிசகின்றிக் காத்துவைக்கும் பெரிய கோப்பு ஒன்று கிடைக்கும். இதைவிடத் தீங்கானது, அவற்றை மறுபடி வேறு அளவு எம்பி3 ஆக்குவது. முதல் முறை விட்டதோடு இரண்டாம் முறை வேறொரு கணிப்பில் இன்னும் கொஞ்சம் விடப்படும். ஆடாசிட்டியில் எம்பி3-ஐத் திறந்து முன்பின் வெட்டிச் சேமித்தாலும் இதுவே நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெட்ட வேண்டுமானால், மறுகுறியாக்கம் செய்யாமல் சட்டகங்களை அப்படியே நறுக்கும் எம்பி3டைரக்ட்கட் போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அந்த 11 நாடாக்கள் வீட்டில் எங்கேனும் இருந்தால், செய்யத்தக்க ஒரே நல்ல காரியம் அவற்றை மறுபடி டெக்கில் போட்டு ஏற்றுவதுதான். கடை 128-இல்தான் செய்ததா, அல்லது அதைவிடக் குறைந்த ஒன்றிலிருந்து 128 ஆக்கியதா என்று எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதைப் படமாகக் காட்டும் ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மேல்சுருதிகள் கத்தியால் நறுக்கியதுபோல் ஒரே கோட்டில் நின்றால் அது குறியாக்கியின் வேலை என்று எண்ண இடமுண்டு. ஆனால் பழைய கேசட்டிலேயே மேல்சுருதி தேய்ந்திருக்கும் என்பதால், கோடு இல்லாமல் மெல்ல மங்கினால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கோப்புகளின் விவரக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள். ஃபிளாக் அவற்றை யூனிகோடில் வைத்துக்கொள்கிறது, எம்பி3-இன் விவரக் குறிப்பு முறையான ஐடி3-இன் இரண்டாம் பதிப்பும் ஏற்கும். கலைஞர் பெயர், ராகம் மட்டுமின்றி, உங்கள் தந்தையார் கேசட் அட்டையில் கைப்பட எழுதியிருக்கும் ஊர், திருவிழா, தேதி ஆகியவற்றையும் கருத்துப் பகுதியில் சேர்த்துவிடுங்கள். அந்த அட்டைகளைப் படமெடுத்து அதே அடைவில் வையுங்கள். கோப்பின் பெயரை மட்டும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக வைத்தால் பழைய கருவிகளில் கட்டங்களாகத் தெரியாமல் இருக்கும். அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்புவதானால் ஒலியாக இணைக்காமல் ஆவணமாக இணையுங்கள், கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

கடைசியாக, அழிப்பது. வேவ் கோப்புகளை நீங்கள் தாராளமாக அழிக்கலாம், ஆனால் இந்த வரிசையில். முதலில் ஃபிளாக் ஆக்குங்கள். ஒவ்வொரு ஃபிளாக் கோப்பும் மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கையொப்பமாகத் தன் தலைப்பகுதியில் சுமந்திருக்கிறது. ஃபிளாக் மென்பொருளின் சோதனை வசதியோ ஃபூபார்2000-இன் சரிபார்ப்புக் கருவியோ கோப்பை முழுக்க விரித்துப் பார்த்து அந்தக் கையொப்பத்தோடு ஒப்பிடும். 62-உம் தேறியபின், அந்த 35 ஜிகாபைட்டையும் இரண்டு தனித்தனி வெளிவட்டுகளில் நகலெடுத்து, நகல்களிலும் அதே சோதனையை ஓட்டுங்கள். ஒரு வட்டை உங்கள் வீட்டில் வையுங்கள், மற்றதை அண்ணன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள். அது அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை மடிக்கணினியில் ஃபிளாக் கோப்புகள் இருக்கட்டும். வேவ் கோப்புகளை இரு நகல்களும் தேறிய அன்றே நீக்கிவிடலாம். எம்பி3 பிரதிகளை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், ஃபிளாக்கிலிருந்து அரை நாளில் மறுபடி செய்துகொள்ளலாம். நாடாக்களை மட்டும், இடத்தை அடைக்கின்றன என்று யார் சொன்னாலும், வெயில் படாத உலர்ந்த பெட்டியில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்காமல், செங்குத்தாக நிறுத்தி வைத்திருங்கள்.